எழுநூற்று நாற்பத்திரண்டு கிராம்

பெட்டியைப் பிரித்ததும் ரெஜிபோம் வாசம்.
இறக்கை உடைந்து வந்திருக்கிறது என்று பயந்தேன்.
இல்லை, இரண்டு துண்டாகத்தான் வருமாம்.
குறிப்புத்தாள் முழுக்கச் சீன எழுத்து,
படங்கள் மட்டும் எனக்குப் புரிந்த பாஷை.

புறக்கோட்டையில் வாங்கி
இரவு மெயிலில் மடியிலேயே வைத்துத்
தலவாக்கலைக்குக் கொண்டுவந்தவன் பெனடிக்.
ஆட்டோவுக்கு டயர் மாற்ற வைத்திருந்த காசு.
"வாலை நீ ஒட்டு, உன் கை நடுங்காது" என்றான்.
கொழுந்து மடுவத்தில் தராசு பிடிக்கிற கை.
நடுங்கினால் நாற்பது பேர் சண்டைக்கு வருவார்கள்.

சுப்பர் குளூ மட்டும் வேண்டாம் என்று
ஃபெக்டரி எலக்ட்ரீசியன் லக்மால் சொல்லியிருந்தான்.
நம்பாமல் ஓர் ஓரத்துண்டில் ஒரு சொட்டு விட்டேன்.
நுரை தன்னைத்தானே தின்று
குழியாகி
வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அதனால் குளூ கன்.
ஆறு மணிக்கு மேல் லயத்துக் கரண்ட் இளைத்துப்போகும்,
பசை உருக அரை மணித்தியாலம்.
உருகியதும் அவசரம்,
ஆறுவதற்குள் வால் நிமிர்ந்து நிற்கவேண்டும்.
பள்ளிக்கூட மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
ஒரு நூல் சரிவு. பிய்த்தேன். மறுபடியும் ஒட்டினேன்.
கார்பன் குழாய் இறக்கைக்குள் நுழைந்தபோது
ஊசிக்குள் நூல் போன சத்தம்,
அதாவது சத்தமே இல்லை.

பேட்டரியைச் சொருகியதும்
தீப்பெட்டியைவிடச் சின்ன மோட்டார்கள்
ஒருதரம் முனகி நேராகின.
குச்சியை வலப்பக்கம் தள்ளினேன்.
வலது மடல் ஏறவேண்டும்,
இறங்கியது.
"இதுவும் நம்ம யூனியன் மாதிரித்தான்" என்றான் பெனடிக்.
ரிமோட்டில் ஒரு சின்ன ஆளியைத் திருப்பினோம்,
சரியாகிவிட்டது.
அவ்வளவு லேசு. இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசவில்லை.

இறக்கைக்கு அடியில் இரண்டு புள்ளிகள்,
அங்கே விரல் வைத்துத் தூக்கினால்
சமமாக நிற்கவேண்டும். வால் விழுந்தது.
மூக்குக்குள் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி,
இன்னொன்று,
மூன்றாவதற்கு மூக்கு மெல்லத் தலையாட்டியது.
பதினைந்து ரூபாய்க்குச் சமநிலை.

மொத்த நிறை பார்க்க ஆசை.
மடுவத்துத் தராசுக்குக் கிராமில் கண் தெரியாது.
பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்,
கேக் நிறுக்கிற தட்டில் வைத்தேன்:
எழுநூற்று நாற்பத்திரண்டு.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ
என்று கழித்துக் கழித்து எழுதுகிற நான்
இதில் ஒன்றையும் கழிக்கவில்லை.

ஞாயிறு காலை, தோட்டத்துக் கிரவுண்ட்.
பெனடிக் ரிமோட்டோடு ஐம்பது எட்டுப் பின்னால் போய்
அங்கிருந்து வாலை ஆட்டிக் காட்டினான்.
நாய் குரைத்தது.
பிறகு பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி
முதலில் தேயிலையை, அப்புறம் கோல் கம்பத்தை,
கடைசியாகப் பெனடிக்கை எடுத்துக்கொண்டது.

காத்திருந்தோம். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும்,
அதைச் சுவெட்டருக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.
மேல் ரோட்டிலிருந்து புஷ்பலீலா அக்கா கத்தினார்:
"ஏய், அது எத்தனை கிலோ? எங்களுக்கு அடிக்கிற மாதிரி
அதுக்கும் அடிச்சியா?"
"இல்லை அக்கா, சரியாத்தான் போட்டேன்" என்றேன்.
சிரிப்புக் கேட்டது, முகம் தெரியவில்லை.

கோல் கம்பம் திரும்பி வந்தது.
ஒரு சிட்டிகைத் தேயிலைத் தூளை எறிந்து
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான்.
வயிற்றுப்பக்கம் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினேன்.
விசிறி சுழல்கிறது.
கையில் இருந்த எழுநூற்று நாற்பத்திரண்டு
ஐந்நூறாகிறது, இருநூறாகிறது,
ஒன்றுமில்லாமல் ஆகிறது,
பிறகு என்னை இழுக்கிறது.
பூச்சியத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகிற ஒரு நிறையை
பதினொரு வருசத்தில் நான் பிடித்ததில்லை.

"விடு!" என்கிறான் பெனடிக்.
பொறு,
இன்னும் வாசித்து முடிக்கவில்லை.